கதிருக்கு ஒரு சென்சார்: நூற்பாலையில் ஐ.ஓ.டி. எதை மாற்றுகிறது?

கேள்வி இதுதான்: "ஐ.ஓ.டி., ஸ்மார்ட் ஃபேக்டரி, இண்டஸ்ட்ரி 4.0 என்று மாதம் ஒருவர் வந்து விளக்கம் கொடுத்துவிட்டுப் போகிறார். கோவைப் பக்கம் 25,000 கதிர் ஓடும் ஒரு நடுத்தர நூற்பாலைக்கு இதனால் உண்மையில் ஏதாவது மாறுமா? இல்லை, ஆபீஸ் டி.வி.யில் பச்சை சிவப்பு காட்டுவதற்கான செலவா?"

மாறும். (ஐ.ஓ.டி. என்பது மெஷின்களில் சென்சார் வைத்து, அவை தரும் தகவலை நெட்வொர்க்கில் இணைப்பது; கதிர் என்பது நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டில்.) ஆனால் மில்லின் எல்லா டிபார்ட்மென்ட்டிலும் ஒரே அளவுக்கு மாறாது. மெஷினை இணைத்துவிட்டதால் மட்டும் ஒரு கிலோ நூல்கூடக் கூடுதலாக வராது. சென்சார் சொன்னதைப் பார்த்து, அதே ஷிஃப்டில், யாராவது ஒருவர் ஒரு வேலையை வேறு மாதிரி செய்தால்தான் காசு. அப்படிச் செய்ய எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்து இணைத்தால் பலன் உண்டு. அதனால் பொதுவாகப் பேசாமல், பஞ்சு உள்ளே வருவதிலிருந்து கோன் வெளியே போவது வரை எந்தெந்த இடத்தில் இது வேலை செய்கிறது என்று சொல்கிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. மெஷின்கள் பேசிக்கொள்வது புதிது இல்லை. கார் தொழிற்சாலைகளில் அறை அறையாக ரிலே பேனல்கள் நிறைந்திருந்த காலத்தில், 1968-ல் டிக் மோர்லியின் குழு அமெரிக்காவில் திட்டமிட்ட மோடிகான் 084-ஐத்தான் முதல் பி.எல்.சி.களில் (மெஷினை இயக்கும் சின்னத் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்) ஒன்றாகச் சொல்வார்கள். அதே மோடிகான் கம்பெனி 1979-ல் வெளியிட்ட மோட்பஸ்தான் இன்றும் உங்கள் பேனலில் இருக்கும் எனர்ஜி மீட்டர் பேசும் மொழி. இப்போது ஐ.ஓ.டி. என்றாலே காதில் விழும் எம்.க்யூ.டி.டி. என்ற தகவல் அனுப்பும் முறை 1999-ல் உருவானது; பாலைவனத்தில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க, குறைந்த டேட்டாவில் வேலை முடிய வேண்டும் என்பதற்காக வந்தது. 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்' என்ற பெயரை கெவின் ஆஷ்டன் வைத்ததும் அதே வருடம்தான். 'இண்டஸ்ட்ரி 4.0' 2011-ல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் அறிமுகமான பெயர். ஆக, அடிப்படை எல்லாம் இருபத்தைந்து முதல் ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது. விலைதான் விழுந்திருக்கிறது. வைஃபையும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் சேர்ந்த சிப் இன்று சில நூறு ரூபாய். பெரிய டர்பைனுக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் மட்டும் கட்டுப்படியான கண்காணிப்பு, ஒரு கதிருக்கே கட்டுப்படியாகிற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறது.

ஜவுளித் தொழிலுக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. 1924-ல் ஜப்பானில் சகிச்சி டொயோடா முழுமைப்படுத்திய ஜி வகைத் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். டொயோட்டா கார் கம்பெனி பிற்காலத்தில் ஜிடோகா என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த கொள்கையின் வேர் அங்கேதான் இருக்கிறது. பிழை வந்ததும் மெஷின் நிற்பது நமக்கு நூறு வருடப் பழக்கம். எந்த இடத்தில், எத்தனையாவது முறை அந்தப் பிழை வந்தது என்று மெஷினே நினைவில் வைத்துக்கொள்வதுதான் இப்போது சேர்ந்திருப்பது.

அந்த நினைவின் பலன் முழுதாகத் தெரிவது, இழையை முறுக்கி நூலாக்கும் ரிங் பிரேம் மெஷினில்.

1,200 கதிர் உள்ள ஒரு ரிங் பிரேமை எடுத்துக்கொள்வோம். கதிர் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடுகிறது, ரிங் 38 மில்லிமீட்டர் என்றால், அதன் மேல் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் டிராவலர் என்ற குட்டிக் கொக்கி நொடிக்குச் சுமார் 36 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. அந்த இழுவையில் நூல் அறுவது இயல்பு. 100 கதிர் மணிக்கு 2.5 அறுப்பு என்று வைத்தால், ஒரு மெஷினில் மணிக்கு 30 அறுப்பு. அறுந்த இடத்தில் உருளைகள் நிற்காமல் பஞ்சைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அது நியூமாஃபில் என்ற உறிஞ்சு குழாய்க்குள் போய்க் கழிவாகும். சைடர் (அறுந்த நூலை ஒட்டும் தொழிலாளி) அந்த இடத்துக்கு வந்து ஒட்டும் வரை இப்படியே.

பழைய முறையில் சைடர் தன் பகுதியை முழுக்கச் சுற்றி வரவேண்டும். அறுந்தது எங்கே என்று அவருக்குத் தெரியாது, போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நேரத்தில் 2 சதவீதக் கதிர் அறுந்து கிடக்கிறது என்றால் 25,000 கதிரில் 500 கதிர். கிட்டத்தட்ட அரை ரிங் பிரேம் இருபத்துநாலு மணி நேரமும் கரன்ட் எடுத்துக்கொண்டு நூல் கொடுக்காமல் நிற்பதற்குச் சமம். இந்தக் கணக்கை உங்கள் மில்லின் உண்மையான சதவீதத்தை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். வேறு எந்த விளக்கக் கூட்டத்தையும் விட அது அதிகம் சொல்லும்.

கதிர்வாரிக் கண்காணிப்பில் ஒவ்வொரு ரிங்குக்கும் எதிரே ஒரு சென்சார் டிராவலர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. டிராவலர் நின்றால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். கதிருக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு, அந்தப் பகுதிக்கு ஒரு விளக்கு, மெஷின் முனையில் ஒரு விளக்கு என்று வரிசையாக எரியும். சைடர் நடைபாதையில் நின்றபடியே எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்யலாம். இன்று பல மில்களில் பக்கத்து ஊர்ப் பெண்களோடு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிறார்கள். விளக்கைப் புரிந்துகொள்ள மொழி தேவையில்லை. கோடிக்கணக்கில் போடும் மென்பொருளை விட இந்த விளக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனால் விளக்கு பாதிப் பலன்தான். மீதிப் பாதி, வாரக் கடைசியில் எடுக்கும் பட்டியலில் இருக்கிறது. எந்தக் கதிர் திரும்பத் திரும்ப அறுக்கிறது? அறுப்பு எல்லாக் கதிருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கொஞ்சம் கதிர்கள்தான் அறுப்பில் பெரும் பங்கை உண்டாக்கும். ரிங் தேய்ந்திருக்கும், கதிர் மையம் விலகியிருக்கும், இழையைப் பிடித்து நகர்த்தும் ஏப்ரன் பட்டை கிழிந்திருக்கும், மேல் உருளை ரப்பரில் வெட்டு விழுந்திருக்கும். ஒட்டுகிற சைடருக்கு "இந்தக் கதிர் தொல்லை" என்று தெரியும். ஆனால் மூன்று ஷிஃப்ட் மாறும்போது அந்தச் செய்தி மேஸ்திரியைத் தாண்டி மெயின்டனன்ஸுக்குப் போய்ச் சேராது. மெஷின் எண், கதிர் எண்ணோடு காகிதம் கையில் வந்தால் ஃபிட்டர் நேராக அங்கே போவார். மெஷின் முழுவதையும் கழற்றிச் சுத்தம் செய்யும் அட்டவணை வேலைக்கு நடுவே, இந்த இருபது கதிரை மட்டும் பார்த்துச் சரி செய்வது எவ்வளவோ மலிவு.

இன்னொரு விஷயமும் இதே சென்சாரில் கிடைக்கிறது. அது வாடிக்கையாளருக்கு நேரடியாகத் தெரியக்கூடியது. கதிரைச் சுழற்றும் டேப் தளர்ந்தால் கதிர் மெதுவாகச் சுற்றும். உருளைகள் அதே நீளத்தைத்தான் கொடுக்கின்றன. சுற்று குறைவதால் அங்குலத்துக்கான முறுக்கு குறைகிறது. நூல் அறுவதில்லை, பார்க்கவும் நன்றாகவே இருக்கும். தறியில் ஏற்றும்போதுதான் அறுந்து தொல்லை கொடுக்கும். லேபில் சாம்பிள் எடுக்கும்போது அந்தக் குறிப்பிட்ட காப் (கதிரில் நூல் சுற்றிய குழல்) மாட்டினால் அதிர்ஷ்டம். ஒவ்வொரு கதிரின் வேகமும் பதிவானால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை.

இப்போது இரண்டு மெஷின்கள் ஒன்றோடொன்று பேசும் இடத்துக்கு வருவோம். காப்பிலிருந்து நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனரில் இருக்கும் கிளியரர் சென்சார், நூலில் உள்ள தடிப்பு மெலிவுகளைக் கண்டுபிடித்து வெட்டிவிடும். அந்த காப் எந்தக் கதிரிலிருந்து வந்தது என்பதுதான் முன்பு தெரியாமல் இருந்தது. ரிங் பிரேமோடு நேரடியாக இணைந்த லிங்க் கோனர்களில், ஒவ்வொரு காப்பும் அடையாளச் சிப் உள்ள தட்டில் வருவதால், வெட்டு அதிகம் கேட்கும் காப்பைப் பின்னோக்கி அதன் கதிர் வரை தேடிப் போக முடிகிறது. ஜப்பானின் முராட்டா முதலிய கம்பெனிகள் இதைச் சில காலமாகவே கொடுத்துவருகின்றன. ஒரு மெஷினின் புகார் இன்னொரு மெஷினின் பழுதைக் காட்டிக்கொடுக்கிறது. தொழிலில் ஐ.ஓ.டி. என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள இடம் என்றால் எனக்கு இதுதான். கையால் காப்பை எடுத்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோகும் மில்லில் இது நடக்காது. அங்கே அந்த அடையாளம் பெட்டியிலேயே கலந்துவிடும்.

பேலைப் பிரித்துப் பஞ்சைச் சுத்தம் செய்யும் புளோ ரூமுக்கு வந்தால் நம் ஊர்ப் பஞ்சின் பழைய வியாதி ஒன்று இருக்கிறது: சாக்குத் துணுக்கு, பாலிபுரொப்பிலீன் இழை, முடி, வண்ண நூல். கேமரா வைத்த சார்ட்டர் மெஷின்கள் ஓடும் பஞ்சில் இவற்றைப் பார்த்து, காற்றுப் பீச்சினால் வெளியே தள்ளுகின்றன. கூடவே கொஞ்சம் நல்ல பஞ்சும் போகும். இதைப் பெரும்பாலான மில்கள் ஒரு வடிகட்டியாக மட்டும்தான் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு முறை தள்ளியதையும் அந்த நேரத்தில் ஓடிய பேல் லாட்டோடு சேர்த்துப் பதிவு செய்தால், எந்த ஜின்னிங் ஃபேக்டரியின் பஞ்சில் குப்பை அதிகம் என்று எண்ணாகத் தெரியும். அடுத்த சீசனில் பஞ்சு வாங்கும்போது பேரம் பேச அந்த எண் உதவும். சார்ட்டர் வைத்திருக்கும் மில்லுக்கு இதற்குப் புதிய மெஷின் ஒன்றும் வேண்டாம். ஏற்கெனவே மெஷினுக்குள் இருக்கும் எண்ணிக்கையை வெளியே எடுத்து, குடோன் ரெஜிஸ்டரோடு சேர்த்தால் போதும். புதுமை என்பது பல நேரம் இந்த மாதிரி, இருக்கிற இரண்டு தகவலைச் சேர்ப்பதில்தான் வருகிறது.

அதே புளோ ரூமில் முடிவை இன்டர்நெட்டிடம் விடவே கூடாத ஒன்றும் உண்டு. பஞ்சில் ஒரு கல்லோ இரும்போ, பஞ்சை அடித்துப் பிரிக்கும் பீட்டரில் அடிபட்டால் பொறி பறக்கும். குழாயில் காற்றோடு நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் பஞ்சு போகிறது. பொறியைப் பார்த்த சென்சார், அடுத்த சில மீட்டருக்குள் திசைமாற்றும் கதவைத் திறந்தாக வேண்டும். கையில் ஒரு நொடிகூட இல்லை. அந்த முடிவு அந்தக் குழாயின் பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோலரிலேயே எடுக்கப்பட வேண்டும். இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுவிட்டு வருவதற்கு நேரமே கிடையாது. "பொறி வந்தது, கதவு திறந்தது" என்ற செய்தி மட்டும் பிறகு போனுக்கு வரட்டும். யாராவது எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னால், இந்த ஒரு இடத்தைப் பற்றிக் கேளுங்கள். அவருக்கு மில் தெரியுமா என்று புரிந்துவிடும்.

உங்கள் அளவுள்ள மில்லுக்கு முதலில் காசு திரும்பி வருவது கரன்ட்டில். காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரிங் பிரேம் டிபார்ட்மென்ட்டில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். ஆனிக் காற்றடிக்கும் நாளுக்கும் சித்திரை வெயிலுக்கும் விசிறி ஒரே வேகத்தில் ஓட வேண்டிய அவசியமே இல்லை. விசிறி எடுக்கும் பவர் வேகத்தின் மும்மடியாகப் போவதால், வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் பவர் ஏறக்குறைய பாதியாகிறது. ஈரப்பத சென்சாரையும், மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரையும் சேர்த்துவிட்டால் இது தானாக நடக்கும். ஒரு எச்சரிக்கை: பஞ்சுத் தூசி படிந்த ஈரப்பத சென்சார் பொய் சொல்லும். அதைத் துடைத்து, சரியான மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் சில மாதத்தில் ஆபரேட்டர் ஆட்டோவை அணைத்துவிட்டு மேனுவலில் ஓட்டுவார், அவர் செய்வதும் சரிதான்.

கம்ப்ரஸர் அடுத்தது. தீபாவளிக்கு மில் நிற்கும்போது ஒரு கம்ப்ரஸரை மட்டும் ஓட்டி, எவ்வளவு நேரம் லோடில் இருக்கிறது என்று பதிவு செய்யுங்கள். எந்த மெஷினும் காற்றைக் கேட்காத நேரத்தில் போகிற காற்று முழுவதும் லீக். இந்தச் சோதனை பழசு. ஒரு ஃப்ளோ மீட்டரை நிரந்தரமாக இணைத்தால், வருடத்துக்கு ஒருமுறை தெரிவது தினமும் தெரியும். ஜெர்மனியின் கேசர் போன்ற கம்பெனிகள் கம்ப்ரஸரை விற்பதற்குப் பதிலாகக் கன மீட்டர் கணக்கில் காற்றையே விற்கத் தொடங்கியது இந்த அளவீட்டின் மேல்தான். கம்ப்ரஸர் அவர்களுடையதாகவே இருக்கும், பழுதும் அவர்கள் பொறுப்பு. தூரத்திலிருந்தே மெஷினைப் பார்க்க முடிவதால்தான் அவர்களால் அந்தப் பொறுப்பை எடுக்க முடிகிறது.

மாதத்தின் உச்ச லோடுக்கான கட்டணமான டிமாண்ட் சார்ஜ் பற்றி உங்களுக்கே தெரியும். மாதத்தில் ஒரே ஒரு உச்ச நேரம் கே.வி.ஏ. கணக்கை ஏற்றிவிடும். சப்ளை போய் வந்தவுடன் எல்லா ரிங் பிரேமையும் ஒன்றாக ஸ்டார்ட் செய்யும் அவசரத்தில்தான் பல இடங்களில் இது நடக்கிறது. மீட்டரை நேரலையாகப் பார்த்து, வரம்பை நெருங்கும்போது அடுத்த மெஷினை இரண்டு நிமிடம் காக்கவைக்கும் சின்ன லாஜிக் போதும்.

பழுதை முன்கூட்டியே சொல்வது பற்றி அதிகம் பேசுகிறார்கள். பெரிய விசிறி, கம்ப்ரஸர் மாதிரி நின்றால் டிபார்ட்மென்ட்டே நிற்கும் சில மெஷின்களுக்கு அதிர்வு சென்சார் வையுங்கள். பேரிங் போவதற்கு முன் அது உண்மையாகவே சொல்லும். எல்லா மோட்டாருக்கும் வைக்காதீர்கள். தினமும் நாற்பது அலாரம் வந்தால் நாற்பத்தொன்றாவது உண்மையான அலாரத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வேலை செய்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எந்தக் கதிர் எத்தனை நிமிடம் அறுந்து கிடந்தது என்று பதிவாகும்போது, எந்த சைடர் எத்தனை நிமிடம் கழித்து வந்தார் என்பதும் சேர்ந்தே பதிவாகிறது. இதை வைத்து ஒருவருக்கு இன்னும் இரண்டு மெஷின் கூட்டிக் கொடுக்கலாம், பாத்ரூம் போன நேரத்தைக்கூடக் கணக்குப் பார்க்கலாம். விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் அதிகம் உள்ள தொழிலில், இது ஏற்கெனவே இறுக்கமான கயிற்றை இன்னும் இறுக்குவது. அது தவறு என்பது என் உறுதியான கருத்து. தொழிலாகப் பார்த்தாலும் அது நஷ்டம்தான். பயந்துபோன சைடர் முதலில் கற்றுக்கொள்வது சென்சாரை ஏமாற்றத்தான். அதன் பிறகு உங்கள் டேட்டாவில் ஒன்றும் இருக்காது. பட்டியலைக் கதிர் பெயரில் எடுங்கள், ஆள் பெயரில் எடுக்காதீர்கள். நடையும் கழிவும் குறைந்ததால் மிச்சமான பணத்தில் ஒரு பங்கை அந்த ஷிஃப்டுக்கு ஊக்கத்தொகையாகக் கொடுங்கள். இதை சிஸ்டம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவது நல்லது.

அப்புறம் பாதுகாப்பு. 2019 மார்ச்சில் நார்வேயின் அலுமினியக் கம்பெனி நார்ஸ்க் ஹைட்ரோவின் கம்ப்யூட்டர்களை, பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் பூட்டியது. அவர்கள் பணம் கொடுக்கவில்லை. பல ஆலைகளைக் காகிதத்தையும் கையையும் வைத்து ஓட்டினார்கள். நஷ்டம் கோடிக்கணக்கான டாலர். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இப்படி என்றால், பழைய விண்டோஸ் ஓடும் மெஷின் கம்ப்யூட்டரும், சர்வீஸ் இன்ஜினியருக்காக எப்போதும் திறந்தே கிடக்கும் ரிமோட் இணைப்பும் உள்ள நம் மில்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மெஷின்களின் நெட்வொர்க்கும் ஆபீஸ் நெட்வொர்க்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். ரிமோட் இணைப்பு கேட்கும்போது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூட வேண்டும். பி.எல்.சி. புரோகிராம், இன்வெர்ட்டர் பாராமீட்டர் எல்லாவற்றுக்கும் ஒரு நகல், எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டாத பென்டிரைவில் பீரோவில் இருக்கட்டும்.

சரி, எங்கே தொடங்குவது? டிபார்ட்மென்ட் வாரியாக எனர்ஜி மீட்டர்களை இணையுங்கள், பிறகு ஹியூமிடிஃபிகேஷன், கம்ப்ரஸர். இவற்றில் மிச்சமாவதை வைத்து இரண்டு ரிங் பிரேமுக்கு மட்டும் கதிர்வாரிக் கண்காணிப்புப் போடுங்கள். அதே கவுன்ட் (நூலின் பருமன்) ஓடும் வேறு இரண்டு மெஷினை அப்படியே விட்டு, ஒரு சீசன் முழுக்க அறுப்பையும் நியூமாஃபில் கழிவையும் ஒப்பிடுங்கள். ஆர்டர் போடுவதற்கு முன் விற்பவரிடம் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, டேட்டா மில்லுக்குச் சொந்தம், மோட்பஸிலோ எம்.க்யூ.டி.டி.யிலோ நீங்களே எடுத்துக்கொள்ள அவர் வழி தருவார். மற்றொன்று, வருடச் சந்தாவைக் கட்டாமல் விட்டாலும் கதிர் விளக்கு எரியும். டெமோவை அவருடைய லேப்டாப்பில் பார்க்க வேண்டாம். உங்கள் மில்லில், இரவு ஷிஃப்டில், பஞ்சுத் தூசி பறக்கும்போது, ஒரு நூலை நீங்களே கையால் அறுத்துவிட்டு விளக்கு எத்தனை நொடியில் எரிகிறது என்று பாருங்கள்.